காலகேயர் போர் பிடிக்கிறது, கடைசிப் போர் ஏன் பிடிக்கவில்லை?

வாவிக்கரையான் (ஆரையம்பதி) எழுதியது:

பாகுபலியைப் பற்றி இனிப் பேச என்ன கிடக்கிறது என்று நினைப்பீர்கள். முதல் பாகம் 2015, இரண்டாவது 2017. கட்டப்பா ஏன் கொன்றார் என்ற கேள்விக்கே விடை வந்து பழசாகிவிட்டது. ஆனாலும் எனக்கு ஒரு விஷயம் பிடிபடவில்லை, அதனால் கேட்கிறேன்.

என் தொழில் கலியாண வீடியோ, சாமத்திய வீடியோ எடிட் பண்ணுவது. போன பள்ளி விடுமுறைக்கு அக்காவின் பிள்ளைகள் வந்து நின்றபோது இரண்டு பாகத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டோம். முதல் பாகத்தின் காலகேயர் போர் ஓடும்போது சின்னவன் சாப்பிட்ட கையைக் கழுவப் போகவில்லை. சோறும் சொதியும் விரலிலேயே காய்ந்துவிட்டன. அதே பொடியன் இரண்டாம் பாகத்தின் கடைசிப் போருக்கு என் ஃபோனை எடுத்து கேம் விளையாடத் தொடங்கிவிட்டான். பனைமரத்தை வளைத்து, ஆட்களைக் கேடயத்துக்குள் பொத்திக் கோட்டைக்குள் எறிகிற இடத்தில் மட்டும் தலையைத் தூக்கி, “இது ஏலுமா மாமா?” என்றான். காலகேயர் போரில் நடப்பது மட்டும் ஏலுமா என்ன? அங்கே அவன் கேட்கவில்லையே.

அம்மாவை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. எந்தப் படமென்றாலும் போர் வந்தால் அவ குசினிக்குள் போய்விடுவா. அந்தச் சத்தம் ஒத்துவராது. காரணம் இங்கே ஒருவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பிறகு கடையில் வேலை குறைந்த ஒரு நாள், இரண்டு போரையும் சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு ஓட்டிப் பார்த்தேன். முதல் போரில் சத்தமே இல்லாமல் எல்லாம் விளங்குகிறது. திரிசூல வியூகம் என்று முதலே திட்டத்தைக் காட்டிவிடுகிறார்கள். பின்னால் கோட்டை, மேலே ராஜமாதா சிவகாமி, முன்னால் வெட்டவெளி, அங்கே படையெடுத்து வந்த காலகேயர் கூட்டம். நல்ல ஆயுதமெல்லாம் அரசுக்குப் போட்டியாக நிற்கிற அண்ணன் பல்வாள்தேவன் பக்கம் போய்விட, பாகுபலி கையில் கிடைத்த துணியை வைத்துச் சமாளிக்கிறான். பெரிய துணிகளை எதிரியின் தலைக்கு மேலே எறிந்து மூடி, நெருப்பு அம்பு விடுகிற அந்த ஷொட்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். துணி விழுகிற திசை, அம்பு வருகிற திசை, பார்த்துக்கொண்டு நிற்கிற பல்வாள்தேவனின் முகம், எல்லாம் ஒரே ஒழுங்கில் வருகின்றன. இரண்டாம் பாகத்துப் போரில் ஒவ்வொரு ஷொட்டும் தனியாக எடுத்தால் போஸ்டர் அடிக்கலாம். ஆனால் யார் எங்கே நிற்கிறார் என்று நான் தேடவேண்டி இருக்கிறது. அதே ராஜமௌலி, அதே செந்தில் குமாரின் கமரா, காசும் குறைவில்லை. அப்போ என்ன குறைகிறது?

நடிகர்களா? வீட்டில் இதற்கும் ஒரு சண்டை. மாமா, கட்டப்பாவாக வருகிற சத்தியராஜ் கட்சி. எண்பதுகளில் கமலுக்கு வில்லனாக நின்று மிரட்டிய மனிதர், நக்கலுக்கே பேர் போனவர், அவர் ஒரு இளைஞனின் காலைத் தூக்கித் தன் தலையில் வைக்கும்போதுதான் அடிமை என்றால் என்ன என்று உறைக்கிறது என்கிறார். மனைவி ரம்யா கிருஷ்ணன் கட்சி. சிவகாமிக்கு முதலில் ஸ்ரீதேவியைத்தான் கேட்டார்கள் என்று சொன்னால் அவ நம்பவே மாட்டா. அப்பா, மகன் என்று இரண்டு வேடத்திலும் வருகிற பிரபாஸிடம் எனக்கு ஒரு குறை உண்டு. அப்பா அமரேந்திரனை நமக்கு நன்றாகத் தெரியும். மகன் மகேந்திரனைப் பற்றி என்ன தெரியும்? அருவி ஏறுவான், லிங்கம் தூக்குவான். கடைசிப் போர் அந்த மகனுடையது. குறை அங்கேதானா, அல்லது போரை அமைத்த விதத்திலா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கல்முனைக் காக்கா (கல்முனை) எழுதியது:

தம்பி, நீங்கள் ஒரு வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறீர்கள். லோர்ட் ஒஃப் த ரிங்ஸ் இரண்டாம் பாகத்தில் ஹெல்ம்ஸ் டீப் போர் வருமே, அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். இரவு, மழை, ஒரு மதில், வெளியே பத்தாயிரம் பேர். போர் தொடங்குமுன் ஒரு கிழவனின் கை வழுக்கி அம்பு ஒன்று தவறிப் போகும் பாருங்கள், அந்த ஒரு அம்புக்கு இருக்கிற பயம் உங்கள் பனைமரத்துக்கு வராது.

இன்னொன்று. அந்தப் பத்தாயிரம் பேரும் போடுகிற கூச்சல் எங்கே பதிவு செய்தது தெரியுமா? வெலிங்டன் கிரிக்கெட் மைதானத்தில். நியூசிலாந்து–இங்கிலாந்து மெட்ச் இடைவேளையில் படத்தின் இயக்குநர் பீட்டர் ஜாக்சன் மைதானத்துக்குள் இறங்கி, பார்க்க வந்த 25,000 சனத்தைக் கத்த வைத்துப் பதிவு பண்ணினார். ஒரு கொம்பியூட்டரால் அந்தக் கூச்சலைச் செய்ய முடியாது என்பது என் எண்ணம்.

நடிகர் விஷயத்திலும் சொல்கிறேன். அந்தப் படத்தின் நாயகன் அரகோர்னாக முதலில் எடுத்தது ஸ்டுவர்ட் டவுன்சென்டை. படப்பிடிப்பு தொடங்குகிற நேரத்தில் அவரை மாற்றி விகோ மோர்ட்டென்சனைக் கொண்டு வந்தார்கள். மகன் சொல்லித்தான் அவர் ஒப்புக்கொண்டாராம். அதாவது தகுந்த ஆள் வரும்வரை படம் நின்றாலும் பரவாயில்லை என்கிற துணிச்சல் வேண்டும். பாகுபலியில் தமன்னாவுக்கு என்ன நடந்தது? முதல் பாகத்தில் வாளோடு வந்த பிள்ளை, இரண்டாம் பாகத்தில் கண் மூடித் திறப்பதற்குள் காணாமல் போகிறா. 2025 ஒக்டோபரில் இரண்டு பாகத்தையும் ஒன்றாகச் சேர்த்து வெளியிட்டார்களே, அதில் அவவின் காதல் பகுதியையும் வெட்டிவிட்டார்கள். வெட்டியும் கதைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அந்தப் பாத்திரத்தை எழுதியவரைத்தான் கேட்கவேண்டும்.

---

மத்தளக்காரன் (படுவான்கரை) எழுதியது:

வாவிக்கரையான் தம்பியின் கேள்வி நல்ல கேள்வி. எடிட்டிங் எனக்குத் தெரியாது. கூத்து ஆடுகிற வட்டக் களரியில் வளர்ந்தவன், அந்தக் கண்ணால் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் வடமோடிக் கூத்துப் போடுவதென்றால் முதலில் சட்டங் கொடுப்பு. யாருக்கு எந்தப் பாத்திரம் என்று கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் சொல்லி, பாட்டுக் கொப்பியைக் கையில் கொடுப்பார். அன்றைக்கு நடக்கிற சண்டை போரை விடப் பெரிது. கர்ணனுக்கு மூன்று பேர் நிற்பார்கள். ஒருவன் வடிவு, ஒருவன் பணக்கார வீட்டுப் பிள்ளை, மூன்றாமவன் வயலில் மாடு சாய்க்கிறவன். அண்ணாவியார் மூன்றாமவனிடம் கொடுப்பார். ஏன்? கனத்த கரப்புடுப்பும் கிரீடமும் ஏற்றினால் சும்மா நிற்கவே கால் வலிக்கும். அதோடு விடிய விடிய ஆடவேண்டும், மத்தளத்துக்கும் சல்லரிக்கும் மேலாகக் குரல் வெளிவட்டத்தில் பாயில் இருக்கிற கிழவிக்கும் கேட்கவேண்டும். முகம் கடைசி. உடுப்பை அவன் சுமக்கிறானா, உடுப்பு அவனைச் சுமக்கிறதா என்றுதான் பார்ப்பார். பிரபாஸும் பல்வாள்தேவனாக வருகிற ராணாவும் இந்தச் சோதனையில் தேறுவார்கள். அந்தக் கவசத்தோடு நடக்கும்போது இருவருக்கும் தோள் இறங்கவில்லை. அதனால் குறை நடிகரிடம் இல்லை.

சரி, போருக்கு வருவோம். களரியில் சண்டை எப்படி நடக்கும்? வட்டத்தின் ஒரு பக்கம் ஒருவன், எதிர்ப்பக்கம் மற்றவன். உடனே வாளெடுக்க மாட்டார்கள். முதலில் தர்க்கம். நீ யார், உன் குலம் என்ன, நீ செய்தது நியாயமா என்று பாட்டுக்குப் பாட்டு. பிற்பாட்டுக்காரர் ஒவ்வொரு வரியையும் திருப்பிப் பாடுவார்கள், மத்தளம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். மறுகாதான் வாள். பார்த்திருக்கிற சனத்துக்கு வாள் முக்கியமில்லை, அது வெறும் பலகை என்று எல்லாருக்கும் தெரியும். யார் பக்கம் நியாயம் என்ற வழக்கு எப்படிப் போகிறது என்றுதான் காது கொடுத்திருப்பார்கள்.

இப்போது காலகேயர் போரைப் பாருங்கள். அது காலகேயரோடு நடக்கிற போரா? எதிரித் தலைவனை விழுத்துகிறவனுக்கே அரசு என்று சிவகாமி முதலே சொல்லிவிட்டா. இரண்டு அண்ணன் தம்பிக்கு நடுவில் வழக்கு, தீர்ப்புச் சொல்கிறவ மதிலில் நிற்கிறா. காலகேயன் மகிழ்மதிச் சனத்தைப் பிடித்து முன்னால் நிறுத்துகிற இடத்தில் ஒருவன் அந்தச் சனத்துக்கு மேலாலேயே தேரை விடுகிறான், மற்றவன் கயிறெறிந்து அவர்களைக் காப்பாற்றிவிட்டுப் போகிறான். இருவரும் வாயே திறக்கவில்லை, ஆனால் தர்க்கம் முழுக்க அங்கேதான் நடக்கிறது. கடைசியில் காலகேயனைக் கொன்றது பல்வாள்தேவன். அரசு கிடைத்தது பாகுபலிக்கு. இதுவல்லவா தீர்ப்பு!

அதனால் உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. ரம்யா கிருஷ்ணனின் முகம்தான் அந்தப் போரின் களரி. அவ கண் போகிற இடத்துக்குத்தான் எங்கள் கண்ணும் போகிறது. கடைசிப் போரில் சிவகாமி இல்லை. வழக்கும் எப்போதோ தீர்ந்துவிட்டது. பல்வாள்தேவன் கெட்டவன் என்று கோட்டை வாசல் காவலாளிக்கும் தெரியும். மிச்சம் இருப்பது அடிபிடி மட்டும். உங்கள் மருமகன் ஃபோனை எடுத்தது சும்மா இல்லை.

---

வாவிக்கரையான் எழுதியது:

அண்ணன், இதை வாசித்துவிட்டு எழும்பி ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். நான் கணக்கு வைத்திருந்தது ஷொட் நீளம். நீங்கள் சொன்ன பிறகு திரும்பப் பார்த்தேன். காலகேயர் போரில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் சிவகாமியின் முகம் வருகிறது. யாராவது முன்னுக்கு வந்தால் ஒரு முகம், பின்னுக்குப் போனால் ஒரு முகம். கலியாண வீடியோவில் தாலி கட்டும் நேரம் பெண்ணின் தாயைக் காட்டாவிட்டால் அந்த வீட்டார் பில்லில் குறைக்கச் சொல்லுவார்கள். அதே கணக்கு.

ஆனால் ஒரு இடம் உதைக்கிறது. இரண்டாம் பாகத்தில் தேவசேனாவின் ஊரான குந்தலதேசத்தில் இரவு நடக்கிற சண்டை, மாடுகளின் கொம்பில் நெருப்பு வைத்து விரட்டுவார்களே, அங்கே சிவகாமி இல்லை. வழக்கும் இல்லை. அது ஏன் பிடிக்கிறது? அந்தச் சண்டைக்கு மருமகன் ஃபோன் தொடவில்லை.

---

மத்தளக்காரன் எழுதியது:

அங்கேயும் ஒரு வழக்கு இருக்கிறது தம்பி. அதுவரை பாகுபலி ஒன்றும் தெரியாத அப்பாவி என்று நடித்துக்கொண்டிருந்தான், தேவசேனாவுக்குச் சந்தேகம். மூன்று அம்பை ஒன்றாக ஏற்றுவது எப்படி என்று அவளுக்குக் காட்டிக் கொடுக்கிற அந்த நேரத்தில் இவன் யார் என்ற தீர்ப்பு விழுகிறது. இந்தத் தடவை தீர்ப்புச் சொல்கிறவள் வில்லோடு பக்கத்தில் நிற்கிறாள், அவ்வளவுதான். அதோடு கோழையாகத் திரிந்த குமாரவர்மன், சுப்பராஜு நடித்தது, முதல் தடவையாகக் கத்தி எடுக்கிறானே, அந்தச் சின்னப் பாத்திரத்துக்கும் ஒரு தொடக்கமும் முடிவும் இருக்கிறது. கூத்தில் சிரிக்க வைத்துக்கொண்டு வந்த கட்டியகாரன் திடீரென்று அழ வைப்பதைப் போல.

---

பாண்டிருப்புக்காரி (பாண்டிருப்பு) எழுதியது:

இரண்டு அண்ணன்மாரும் பேசிப் பேசி ஆம்பிளைகளின் வழக்காகவே முடித்துவிட்டீர்கள். எனக்கு இரண்டு விஷயம் சொல்ல இருக்கிறது.

காலகேயர் போரை இவ்வளவு புகழ்கிறீர்களே, ஒருவர் கூட அந்த மையைப் பற்றிப் பேசவில்லை. கெட்ட கூட்டம் என்று காட்டுவதற்கு ஆட்களைக் கறுப்பாகப் பூசி, பல்லைக் கறையாக்கி, மிருகம் மாதிரிக் கத்த வைத்திருக்கிறார்கள். தலைவனாக வருகிற பிரபாகர் அந்த உயரத்துக்கும் உடம்புக்கும் எந்தப் பூச்சும் இல்லாமலே பயமுறுத்தியிருப்பார். மதன் கார்க்கியைக் கொண்டு கிளிக்கி என்று இலக்கணத்தோடு தனி மொழி செய்து கொடுக்கிற அளவுக்கு அந்தக் கூட்டத்தை யோசித்தவர்கள், முகத்துக்கு வரும்போது மட்டும் பழைய சுகமான வழியில் போய்விட்டார்கள். என் மகள் என் நிறம். படம் முடிந்ததும் தம்பி அவளைக் காலகேயன் என்று கூப்பிட்டான். இரண்டு நாள் அந்தப் பட்டப்பேர் வீட்டில் ஓடியது. போர் எவ்வளவு அழகாக அமைந்தாலும் எனக்கு அது ஒரு குறைதான்.

இரண்டாவது, கடைசிப் போர். வழக்கு தீர்ந்துவிட்டது, அதனால் சுவை இல்லை என்று மத்தளக்காரன் அண்ணன் சொல்கிறார். அப்படியென்றால் கர்ணன் சாவான் என்று தெரிந்துகொண்டு விடிய விடிய எப்படி இருக்கிறீர்கள்? எங்கள் திரௌபதை அம்மன் கோயிலில் 18 நாள் சடங்கு. பாண்டவர் வனவாசம் போவது, அருச்சுனன் தவம், கடைசியில் தீப்பாய்தல், எல்லாம் வருடா வருடம் அதே வரிசை. யாருக்கும் முடிவு தெரியாமல் இல்லை. பாண்டவராக நிற்கிறவர்கள் விரதம் பிடித்து நிற்கிறார்கள், முகம் அருச்சுனனுக்குப் பொருந்துமா என்று கேட்பார் இல்லை. நெருப்புக் குழிக்குப் பக்கத்தில் நிற்கும்போது அனல் முகத்தில் அடிக்கும். பின்னால் நிற்கிறவளின் கை நம்முடைய தோளை இறுக்கிப் பிடிக்கும். என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டே இவ்வளவும் நடக்கிறது.

மகேந்திரனின் தாய் தேவசேனா 25 வருடம் சங்கிலியில் கிடந்து சுள்ளி பொறுக்குகிறா. பல்வாள்தேவனை எரிக்க. இது நேர்த்திக்கடன். அனுஷ்கா முதல் பாகத்தில் அந்தச் சுள்ளியைப் பொறுக்குகிற விரலிலேயே எல்லாவற்றையும் காட்டிவிட்டா, நரைத்த தலையும் காய்ந்த உதடுமாக. இப்படி ஒரு கடன் இருக்கும்போது கடைசிப் போர் யாருடையதாக இருக்கவேண்டும்? அவவுடையது. ஆனால் படம் என்ன செய்கிறது? சட்டை கிழிந்த இரண்டு ஆம்பிளைகள் தூணோடு தூண் மோதுகிறதைத்தான் கூடுதலாகக் காட்டுகிறது. தேவசேனா தலையில் நெருப்புச் சட்டியோடு நடக்கிற நடை நடுவில் வந்து வந்து போகிறது. அதே இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் சிவகாமி நெருப்புச் சட்டியோடு நடக்க, மதம் பிடித்த யானை வருமே, அங்கே அந்த நடைதான் காட்சி, மற்றதெல்லாம் அதற்காக. கடைசியிலும் அப்படி வைத்திருந்தால் உங்கள் மருமகன் ஃபோனை வைத்துவிட்டுப் பார்த்திருப்பான்.

---

கல்முனைக் காக்கா எழுதியது:

தங்கச்சி சொன்ன மை விஷயம் நூற்றுக்கு நூறு. லோர்ட் ஒஃப் த ரிங்ஸையும் இந்த விஷயத்தில் ஆட்கள் குறை சொல்லியிருக்கிறார்கள், அதனால் நான் பெருமையடிக்கவில்லை.

பெண்கள் பற்றி ஒன்று. அந்தப் படத்தில் ரோஹான் நாட்டுக் குதிரைப்படை வருகிறதே, அதில் குதிரை ஓட்டியவர்களில் நிறையப் பேர் பெண்கள். நன்றாகக் குதிரை ஓட்டத் தெரிந்தவர்களைத் தேடியபோது அவர்கள்தான் கிடைத்தார்கள், தாடி ஒட்டி ஏற்றிவிட்டார்கள். உங்கள் கூத்தில் ஆம்பிளைகள் சேலை கட்டி ஆடியதற்குப் பதில் மாதிரி.

---

மத்தளக்காரன் எழுதியது:

தங்கச்சி, கர்ணன் சாவான் என்பது தெரிந்த முடிவு. வழக்குத் தீரவில்லை. துரியோதனனின் சோற்றைத் தின்றவன் அவன் பக்கம் நின்றது சரியா பிழையா என்று கூத்து முடிந்து போகிற வழியிலும் எங்கள் ஊரில் சண்டை பிடிப்பார்கள். அப்படி ஒரு நியாயம் பல்வாள்தேவனுக்கு எங்கே இருக்கிறது? அந்தக் குடும்பத்தில் நியாயம் உள்ள ஒரே ஆள் அவன் தகப்பன் பிங்கலத்தேவன். கை ஊனம் என்று அரசு கைநழுவிப் போன மனிதன். நாசர் அந்தக் கையைத் தூக்கித் தூணில் அடிக்கும்போது எனக்கு அவர் மேல் பாவமாக வந்தது. அந்தப் பாவத்தில் ஒரு துளியை மகனுக்குக் கொடுத்திருந்தால் கடைசிப் போரில் தர்க்கம் இருந்திருக்கும். ராணாவுக்கு நடிக்க முடியாது என்றில்லை, எழுத்தில் கொடுக்கவில்லை.

ஆனால் நெருப்புச் சட்டி விஷயத்தில் உங்களோடு மல்லுக்கட்ட மாட்டேன். அந்த நடை நடுவில் இருந்திருந்தால் பல்வாள்தேவனுக்கு நியாயம் இல்லாவிட்டாலும் போர் நின்றிருக்கும்.

---

வாவிக்கரையான் எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியதை மனைவி உரத்து வாசித்தா. மாமா சத்தியராஜை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு யாராவது ஒரு வரி எழுதிவிடுங்கள்.

நான் ஒன்று செய்து பார்க்கிறேன். கடைசிப் போர் முழுவதையும் கொம்பியூட்டரில் ஏற்றி, தேவசேனா நடக்கத் தொடங்குகிற இடத்திலிருந்து அந்த நடையை அறுக்காமல் நீட்டி, சண்டையை அதற்கு இடையில் துண்டு துண்டாகச் செருகிப் பார்க்கப்போகிறேன். எங்கேயும் போடுவதற்கில்லை, எனக்குப் பார்ப்பதற்கு மட்டும். சிக்கல் என்னவென்றால் அந்த நடைக்குப் படத்தில் இருக்கிற ஷொட்டுகள் கொஞ்சம்தான். காலடி, முகம், தூரத்து ஷொட், திரும்பக் காலடி. மெதுவாக ஓட விட்டால் நெருப்பு இழுபட்டுத் தெரிகிறது. முதல் பாகத்தில் அவ சுள்ளி பொறுக்குகிற ஷொட்டுகளை இடையில் போட்டால் சரிவருமா?

---

பாண்டிருப்புக்காரி எழுதியது:

போடுங்கள் தம்பி. விரல்கள் மட்டும் தெரிகிற ஷொட்டை எடுங்கள், முகம் வேண்டாம். அப்புறம் சத்தத்தை நிறுத்தாதீர்கள், பாட்டை மட்டும் எடுத்துவிட்டு நெருப்புச் சத்தத்தை விடுங்கள்.

மாமாவுக்குச் சொல்லுங்கள்: முதல் பாகத்தில் சங்கிலியில் கிடக்கிற தேவசேனாவிடம் கட்டப்பா வந்து, தப்ப வைக்கிறேன் என்று கெஞ்சுகிற இடத்தில் சத்தியராஜ் தலையை நிமிர்த்துவதே இல்லை. அந்த உயரமான மனிதர் அவவை விடக் குள்ளமாகத் தெரிவார். அதையும் உங்கள் துண்டில் சேர்க்க முடிந்தால் சேருங்கள்.